சருகைப் பெருக்காமல் விடுங்கள்: நகரப் பூங்கா பற்றி வாசகர் கேள்விகள்

நகரப் பூங்காக்களில் நாட்டுத் தாவரங்களையும் அவற்றை நம்பி வாழும் உயிர்களையும் காப்பது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து, பலருக்கும் பொதுவான கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம். பெரும்பாலான கடிதங்கள் "என்ன மரம் நடலாம்?" என்று தொடங்குகின்றன. பதில்களோ நடுவதற்கு முன்பும் நட்ட பிறகும் நடப்பவற்றைப் பற்றியே அதிகம் பேசும். பூங்காக்கள் கெடுவது அங்கேதான்.

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் காலியிடத்தைப் பூங்காவுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். முள்ளும் புதருமாகக் கிடக்கிறது. பொக்லைன் விட்டுச் சுத்தம் செய்து, நிரவி, ஐந்நூறு கன்றுகள் நட இருக்கிறோம். என்னென்ன கன்றுகள் வாங்கலாம்? (குடியிருப்போர் சங்கச் செயலாளர்)

முதலில் பொக்லைனை நிறுத்துங்கள். நீங்கள் "முள்ளும் புதரும்" என்று எழுதியிருப்பதில் ஒரு பகுதி, பின்னால் தேடிப் பிடித்து நட வேண்டிய செடிகளாகவே இருக்கும். சூரை, காரை, ஆதொண்டை மாதிரியான முட்புதர்களில்தான் சின்னப் பறவைகள் கூடு கட்டும். காகமும் பூனையும் அதற்குள் எளிதில் நுழைய முடியாது. நிரவினால் மேல்மண் போகும். அதோடு மண்ணில் உறங்கும் விதைகளும், வேர்களுக்குத் துணையான பூஞ்சை இழைகளும் போகும். கனரக வண்டி ஏறி இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காது. அப்படிப்பட்ட இடத்தில் நட்ட கன்று முதல் கோடையில் வாடினால் தண்ணீர் ஊற்றுபவரைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் வேர் இறங்க வழியில்லாததுதான் காரணமாக இருக்கும்.

அதனால் முதல் வேலை கணக்கெடுப்பு. குறைந்தது ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் இடத்தைப் பார்த்துவிட்டு வரைபடத்தைத் தொடங்குவது நல்லது. அவ்வளவு பொறுமை வாய்க்காவிட்டால், விடியற்காலையில் ஒரு முறை, அந்தி சாயும்போது ஒரு முறை, நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறையாவது சுற்றி வாருங்கள். தாமாக முளைத்த மரக்கன்றுகள், தண்ணீர் தேங்கும் பள்ளம், நீர் வெளியேறும் வழி, கரையான் புற்று, வளைகள், வெயில் படும் வெற்று மண்சரிவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்ன மண்சரிவைப் பெரும்பாலும் யாரும் குறிப்பதில்லை. கூட்டமாக வாழாத காட்டுத் தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள் துளையிட்டுக் கூடமைப்பவை. அந்த இடத்தில் புல்தரை விரித்தால் அவற்றுக்கு வீடு இல்லை.

இருக்க வேண்டிய செடிக்குப் பச்சை நாடாவும் போக வேண்டியதற்குச் சிவப்பு நாடாவும் கட்டிவிட்டுத்தான் வேலையாட்களை உள்ளே விட வேண்டும்.

பெர்லினில் 1952-இல் மூடப்பட்ட, ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் ஒரு யார்டில் பல பத்தாண்டுகள் தானாகவே காடு வளர்ந்தது. அதை அழிக்காமல், தண்டவாளங்களையும் அப்படியே விட்டு, சுமார் 18 ஹெக்டேரில் 2000-ஆம் ஆண்டில் பூங்காவாகத் திறந்தார்கள். ஷோனெபெர்கர் சுட்கெலெண்டே என்று பெயர். காப்புப் பகுதிக்குள் தரையைத் தொடாமல் சற்று உயர்த்திய இரும்பு நடைபாதை போகிறது. ஆட்கள் நடக்கிறார்கள், செடிகள் மிதிபடுவதில்லை.

இனி உங்கள் இரண்டு ஏக்கர். சுமார் 8,000 சதுர மீட்டர். விளையாட்டு, இருக்கை, கழிப்பறை, வாயில் அத்தனையையும் சாலையோரம் 2,000 சதுர மீட்டருக்குள் அடக்குங்கள். நடுவில் நடைபாதையோடு கூடிய 4,000. எஞ்சிய 2,000 சதுர மீட்டர், சாலைக்கு எதிர்ப்புறம், பாதையே இல்லாத ஒரு மூலை. பக்கத்தில் வாய்க்காலோ வேறு மரத்தோப்போ இருந்தால் அந்த மூலை அதை ஒட்டி அமையட்டும். நீண்ட பட்டையாக இல்லாமல் திரண்ட வடிவமாக இருப்பது முக்கியம். பட்டையில் எங்கு நின்றாலும் ஓரம்தான். சத்தமும் நாயும் எட்டாத உள்ளிடம் கிடைக்காது.

ஐந்நூறு மரம் இங்கே கொள்ளாது. பெருமரங்களுக்கு ஏழு மீட்டர் இடைவெளி என்று வைத்தால் 4,000 சதுர மீட்டரில் எண்பதுக்கு மேல் போகாது. மீதிக் கன்றுகளைப் புதராகவும் கொடியாகவும் சிறுமரமாகவும் வாங்குங்கள். ஆளுயரக் கன்று பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் முழங்கால் உயரக் கன்றுதான் விரைவில் வேர் பிடிக்கும். பையில் வேர் சுருண்டிருந்தால் அடியில் இரண்டு சென்டிமீட்டர் அறுத்தெறிந்து, பக்கவாட்டில் இரண்டு மூன்று கீறல் போட்டு நடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் பத்தாண்டு கழித்து ஒரு காற்றில் மரம் அடியோடு சாயும்போதுதான், வேர் அந்தப் பை அளவிலேயே சுற்றிக்கொண்டிருந்தது தெரியவரும். குழியை முழுக்க எருவாலும் செம்மண்ணாலும் நிரப்புவதும் இதே மாதிரிதான்: வேர் சொகுசான குழியை விட்டு வெளியே போகாது. தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு, மேலே சருகு மூடாக்கு போடுங்கள்.

எங்கள் பூங்காவில் குல்மோகர், தூங்குமூஞ்சி, நாகலிங்கம் எல்லாம் அறுபது வருடமாக நிற்கின்றன. இவை அயல்நாட்டு மரங்கள், வெட்டிவிட்டு நாட்டு மரம் நட வேண்டும் என்கிறார்கள் இளைஞர்கள். சரியா? (ஓய்வுபெற்ற வாசகர்)

அயல்நாட்டவை என்பது சரி. குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சியும் நாகலிங்கமும் அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை. வெட்ட வேண்டும் என்பதுதான் சரியில்லை.

வெளியிலிருந்து வந்தது வேறு, வந்து பரவி மற்றதை விழுங்குவது வேறு. சீமைக் கருவேலம், உண்ணிச்செடி, சுபாபுல், பார்த்தீனியம், நீரில் ஆகாயத்தாமரை ஆகியவை இரண்டாம் வகை. இவை போகத்தான் வேண்டும். அறுபது வயது தூங்குமூஞ்சி நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதன் பொந்துகளில் கிளியும் புள்ளி ஆந்தையும் வௌவாலும் இருக்கும். அந்தப் பொந்தை எந்த நாட்டுக் கன்றும் இன்னும் நாற்பது ஆண்டுக்குத் தராது. அதன் நிழலில் நாட்டுச் சிறுமரங்களையும் புதர்களையும் நடுங்கள். பழைய மரம் தானாக விழும்போது அந்த இடத்தில் நாட்டு மரம் வரட்டும். புதிதாக மட்டும் அயல் மரம் வைக்க வேண்டாம். குறிப்பாக ஆப்பிரிக்கத் துலிப் மரம்: அதன் பூக்களுக்குள் கொடுக்கில்லாத தேனீக்கள் செத்துக் கிடப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொன்று. ஒரு நாட்டில் எங்கோ வளர்வதாலேயே அது உங்கள் ஊருக்கு நாட்டு மரம் ஆகிவிடாது. ஈரமான மலைக்காட்டு மரம் வறண்ட சமவெளியில் அயல் மரம்தான். அருகில் இருக்கும் பழைய கோயில் காடு, குன்று, ஏரிக்கரை ஆகியவற்றில் எது தானாக வளர்கிறதோ அதுதான் பட்டியல். விதையும் அங்கிருந்தே சேகரிப்பது நல்லது. கிழக்குக் கடலோரச் சமவெளியின் உலர் பசுமைக் காட்டை எடுத்துக்கொண்டால் காட்டெலுமிச்சை, வீரை, காயா, இரும்பிலி, உலக்கைப்பாலை, நாவல், மகிழம் என்று போகும். நாற்றங்காலில் இவற்றில் பாதி கிடைக்காது. அதனால்தான் எல்லாப் பூங்காவிலும் ஒரே பத்து மரம் நிற்கிறது. ஆறு மாதம் முன்பே விதை சேகரித்து வளர்க்க ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இடம் இருந்தால் ஆல், அரசு, அத்தி ஆகியவற்றில் ஒன்றைக் கட்டடத்திலிருந்து தள்ளி வையுங்கள். மற்ற மரங்கள் காய்க்காத மாதங்களிலும் அத்திக் குடும்பத்தில் ஏதாவது ஒரு மரம் பழுத்திருக்கும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், தானியம் தின்னும் பறவைகள்கூட, பெரும்பாலானவை குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டும். புழுவோ கண்ட இலையைத் தின்னாது. வாஷிங்டன் நகரைச் சுற்றிய வீட்டுத் தோட்டங்களில் கரோலினா சிக்கடீ என்ற சிறு பறவையை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. தோட்டத்துத் தாவரத் திரளில் இயல் தாவரத்தின் பங்கு 70 விழுக்காட்டுக்குக் கீழே போன இடங்களில் அந்தப் பறவையால் தன் எண்ணிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. எண் அந்தப் பறவைக்கு உரியது. ஆனால் காரணம் எங்கும் ஒன்றுதான்.

மியாவாக்கி காடு ஒன்று போட்டுவிட்டால் எல்லாம் முடிந்ததுதானே? (நகராட்சிப் பொறியாளர்)

முடியாது. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி (1928–2021) சொன்ன முறையில் அடர்த்தி இரண்டாவது விஷயம்தான். அந்த இடத்தில் மனிதர் தலையிடாமல் இருந்திருந்தால் என்ன காடு இருந்திருக்கும் என்று ஆராய்ந்து, அதன் இனங்களை மட்டும் அடுக்கு அடுக்காக நடுவதுதான் முதல் விஷயம். நடைமுறையில் அந்த முதல் பாதியை விட்டுவிட்டு, கிடைத்த கன்றுகளை எல்லாம் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு என்று நெருக்கி நட்டுப் பெயர்ப்பலகை வைத்துவிடுகிறார்கள். மூன்றாண்டில் ஒல்லியான தண்டுகள் உயரும், அடியில் இருட்டு, பூவும் புல்லும் இல்லை.

சாலையோரத் தூசையும் இரைச்சலையும் தடுக்க ஐந்து முதல் பத்து மீட்டர் அகலப் பட்டையாக இதைப் போடலாம், நல்ல பயன். இயல்பாகவே புல்வெளியாகவோ சதுப்பாகவோ முட்புதராகவோ இருக்கும் இடத்தில் போடக் கூடாது. அங்கே வாழும் தகைவிலான், வானம்பாடி, கதிர்க்குருவி, ஓணான் எதற்கும் அடர்காடு வேண்டாம். வெட்டவெளியைப் பார்த்தவுடன் மரம் நட வேண்டும் என்று கை துடிப்பதை அதிகாரிகள் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம்.

புதர் வைத்தால் பெண்கள் நடக்கப் பயப்படுகிறார்கள். புதர் இல்லாவிட்டால் காகமும் புறாவும் மைனாவும்தான் வருகின்றன. என்ன செய்வது? (கட்டடக்கலை மாணவி)

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். தீர்வு இடைவெளியில் இருக்கிறது. பாதையின் இருபுறமும் இரண்டு மீட்டருக்கு அறுபது சென்டிமீட்டரைத் தாண்டாத செடிகள்: தும்பை, நாட்டுப் புற்கள். அதற்கு அடுத்த மூன்று மீட்டரில் தனித்தனி மரங்கள், கிளை ஆளுயரத்துக்கு மேலே. அதற்கப்பால் அடர்புதர். புதரைப் பாதையோரம் நீள வேலியாக நடாமல், உள்ளே தீவுகளாக நடுங்கள். ஒவ்வொரு தீவும் குறைந்தது ஐந்து மீட்டர் அகலம் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் நடுவில் மறைவு இருக்காது, தையல்சிட்டும் தவிட்டுக்குருவியும் தங்காது. பாதை வளைவுகளில் மட்டும் பார்வை மறையாதபடி தீவைத் தள்ளி வைக்க வேண்டும்.

வரைபடத்தை மேலிருந்து மட்டும் வரைந்தால் இது புலப்படாது. பக்கவாட்டு வெட்டுத்தோற்றம் ஒன்று வரைந்து, தரை, முழங்கால், இடுப்பு, தலை, கூரை என ஐந்து உயரத்திலும் பச்சை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வழக்கமான பூங்காவில் இடுப்புக்கும் கூரைக்கும் நடுவே ஒன்றுமே இருக்காது.

குளம் வெட்ட ஆசை. கொசு வரும் என்று சங்கத்தில் எதிர்ப்பு. (பூங்காக் குழு உறுப்பினர்)

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் சிறு கலங்களில் முட்டையிடும்: டயர், பூந்தொட்டித் தட்டு, மூடியில்லாத தொட்டி. க்யூலெக்ஸ் கொசு சாக்கடை கலந்த நீரை விரும்பும். தட்டான் இளவுயிரிகளும் நீர்வண்டுகளும் உள்ள சுத்தமான குளத்தில் கொசுப்புழு பெருகுவது கடினம். முட்டையிலிருந்து கொசுவாக வெப்பமான பருவத்தில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதற்குள் தின்ன ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆள் இல்லாமல் போவது நம் கையால்தான். கொசுவை ஒழிக்க என்று கம்பூசியா மீனையும் கப்பி மீனையும் கொண்டுவந்து விடுவார்கள். அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த இந்த மீன்கள் தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தட்டான் குஞ்சையும் சேர்த்துத் தின்றுவிடும். புதுக் குளத்தில் மீனே விட வேண்டாம். தட்டான்கள் கேட்காமலே வந்து முட்டையிடும்.

கட்டுமானம் முக்கியம். நெட்டுக்குத்தான சிமெண்ட் சுவர் வைத்த குளத்தில் விழுந்த தேரையும் அரணையும் ஏற முடியாமல் சாகும். குறைந்தது ஒரு பக்கக் கரையாவது ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஐந்து மீட்டர் நீளம் என்ற சரிவில் இறங்க வேண்டும். கரையோரம் பத்து முதல் இருபது சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு மீட்டர் அகலத் திட்டு, அதில் கோரை. அடுத்து அரை மீட்டர் ஆழம், அங்கே அல்லியும் கொட்டியும். நடுவில் ஒரு மீட்டர். களிமண் கிடைத்தால் பத்துப் பத்து சென்டிமீட்டராக மூன்று அடுக்குப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து மிதித்து இறுக்குங்கள். களிமண் காய்ந்து வெடித்த பிறகு நீர் விட்டால் ஒழுகும். அதனால் கடைசி அடுக்கு முடிந்த அன்றே நீர் நிற்க வேண்டும். சாலை மழைநீரை நேரே விடாதீர்கள். எண்ணெயும் குப்பையும் படிய, முன்னால் சரளைக்கல்லும் கோரையும் உள்ள சிறு பள்ளம் ஒன்று வேண்டும். அதை ஆண்டுக்கு ஒரு முறை தூர்வாருங்கள். கோடையில் குளம் வற்றினால் குழாய் நீர் ஊற்ற ஓட வேண்டாம். வற்றும் குளத்தில் அயல் மீன் தங்காது, அதனால் தவளைகளுக்கு அது நல்ல குளம். குழந்தைகள் பகுதியை ஒட்டிய பக்கத்தில் இடுப்புயர வேலி போடுங்கள். அடியில் பத்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் தேரை போய்வரும்.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூரின் பீஷான்–ஆங் மோ கியோ பூங்கா. அங்கே 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து ஓடும் சுமார் 3 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். வெள்ளம் வந்தால் புல்வெளியே ஆற்றுப்படுகை ஆகிவிடும், பிறகு வடியும். நீர்நாய்க் குடும்பம் ஒன்று தானாக வந்து குடியேறியது.

பட்டாம்பூச்சித் தோட்டம் போட்டோம். பூ நிறைய இருக்கிறது, பட்டாம்பூச்சி வந்து போகிறது, தங்கவில்லை. (பள்ளி ஆசிரியை)

தேன் கொடுத்தீர்கள், தொட்டில் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பட்டாம்பூச்சியும் சில குறிப்பிட்ட செடிகளில் மட்டும்தான் முட்டையிடும். எருக்கில் வெந்தய வரியன், ஆடுதீண்டாப்பாளையில் சிவப்புடல் அழகி, கொன்றையில் வெளிர் மஞ்சள் நிறக் கொன்றை வெள்ளையன்கள், வில்வம், நாரத்தை, கறிவேப்பிலையில் எலுமிச்சை அழகி, ஆதொண்டையில் வெள்ளையன் இனங்கள் சில. ஒன்றிரண்டு செடி போதாது. ஒவ்வோர் இனத்திலும் ஐந்தாறு செடி சேர்ந்தாற்போல் நடுங்கள். ஒரு பெண் பூச்சி இட்ட முட்டைகளிலிருந்து வரும் புழுக்கள் ஒற்றைச் செடியை மொட்டையடித்துவிட்டுப் பசியில் செத்துப்போகும்.

கறிவேப்பிலை இலையின் மேல் பறவை எச்சம் போல கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருந்தால் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பு வெளியே வரும், புளித்த வாடை அடிக்கும். அதுதான் எலுமிச்சை அழகியின் இளம்புழு. சில நாளில் தோலுரித்துப் பச்சையாகிவிடும். தோட்டக்காரர் "பூச்சி விழுந்திருக்கு" என்று மருந்தடிப்பது இதைப் பார்த்துத்தான். பூச்சி தங்கவில்லை என்று கேட்பவர்கள் முதலில் அவரிடம் விசாரிக்க வேண்டும்.

நாற்றங்காலில் வாங்கிய செடியிலும் கவனம் தேவை. ஊடுருவிப் பரவும் பூச்சிக்கொல்லி போட்டு வளர்த்த செடியின் இலை பல வாரங்களுக்கு நஞ்சாகவே இருக்கும். புழு வந்தும் சாகிறது என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். மற்றபடி, காலை வெயில் படும் இடம், காற்றுத் தடுப்பாக ஒரு புதர் வரிசை, ஒரு மீட்டர் அகலத்துக்கு எப்போதும் ஈரமான மணல்திட்டு. ஆண் பூச்சிகள் உப்புச்சத்துக்காக அங்கே கூடும்.

சருகைக் கூட்டாமல் விட்டால் பாம்பு வராதா? பட்டுப்போன மரம் ஒன்றும் நிற்கிறது, அதையும் எடுக்கச் சொல்கிறார்கள். (சங்கத் தலைவர்)

பாம்பை இழுப்பது எலி. எலியை இழுப்பது உணவுக் கழிவு. மூடியுள்ள குப்பைத் தொட்டி வைத்து, தினமும் மாலையிலேயே காலி செய்து, எலி வளைகளைக் கவனித்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு, பாதையின் இருபுறமும் ஒரு மீட்டரும் விளையாட்டுப் பகுதி முழுவதும் தெளிவாக இருக்கட்டும். அங்கே கூட்டிய சருகை எரிக்காமல் உள்ளே கொண்டுபோய் மரத்தடியில் பரப்புங்கள். ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தடிமன் போதும். தண்டை ஒட்டிப் போடக் கூடாது, ஒரு சாண் தள்ளி. ஒட்டினால் பட்டை அழுகும்.

சருகில்லாத மண்ணில் தவிட்டுக்குருவிக்கு இரை இல்லை, மண்புழு இல்லை, விழுந்த விதைக்கு ஈரம் இல்லை. நிர்வாகங்கள் சுத்தம் என்று நினைத்துச் செய்யும் காரியங்களில் இவ்வளவு கெடுதல் தருவது வேறொன்றும் இல்லை என்பது எங்கள் கருத்து. சருகு ஊதும் இயந்திரம் இன்னும் மோசம், மேல்மண்ணையும் சேர்த்துத் தூக்கும்.

பட்ட மரம் பாதையில் விழும் தூரத்தில் இருந்தால் ஆபத்துதான். முழுக்க எடுக்காமல் கிளைகளை நீக்கி, மூன்று நான்கு மீட்டர் உயரத்துக்குத் தண்டை மட்டும் நிறுத்துங்கள். குக்குறுவானும் மரங்கொத்தியும் அதில் துளையிடும். அவை விட்டுப்போன பொந்தில் மைனாவும் ஆந்தையும் குடிவரும். வெட்டிய கிளைகளை ஒரு மீட்டர் உயரத்துக்கு நிழலில் குவித்து, பாதி மண்ணில் புதையும்படி விடுங்கள். தச்சுத் தேனீ அந்த மரத்தைத் துளைக்கும், அரணை அடியில் பதுங்கும்.

உண்ணிச்செடியை வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. (பராமரிப்பு ஒப்பந்ததாரர்)

வெட்டும் உயரம் தவறு. தண்டும் வேரும் சேரும் இடத்தில்தான் அதன் துளிர்க்கும் மொட்டுகள் இருக்கின்றன. அதற்கு மேலே எங்கு வெட்டினாலும் இரண்டு மடங்காக வரும். தரைக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே, மண்வெட்டியால் ஆணிவேரை ஒரே வெட்டாக அறுத்து, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். கிளை மண்ணைத் தொட்டால் மறுபடி வேர் விடும் என்பதால்தான் கவிழ்ப்பது. காய்ந்ததும் அப்புறப்படுத்தலாம். முழுப் புதரையும் வேரோடு பிடுங்கினால் மண் கிளறப்பட்டு, உறங்கும் விதை எல்லாம் ஒன்றாக முளைக்கும்.

காய் பழுக்கும் முன் செய்யுங்கள். பறவைகள் பழத்தைத் தின்று உயர்ந்த மரங்களில் அமர்ந்து விதையைப் போடுவதால், அடுத்த மழைக்குப் பின் முதலில் மரத்தடிகளைத்தான் பார்க்க வேண்டும். சிறு நாற்றைக் கையால் பிடுங்கலாம். இரண்டு மூன்று மழைக்காலம் தொடர்ந்து பிடுங்காமல் விட்டால் முதலாண்டு உழைப்பு வீண். காலியான இடத்தை வெறுமையாக விடவும் கூடாது. உடனே நாட்டுப் புல் விதையும் நொச்சி, ஆவாரை போன்றவையும் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: பறவை கூடு கட்டும் மாதங்களில் முழுப் பரப்பையும் ஒரே மூச்சில் அழிக்காதீர்கள். வேறு மறைவில்லாத இடத்தில் அவை இந்தப் புதரில்தான் இருக்கும். பகுதி பகுதியாக எடுங்கள்.

இரவு நடைக்கு விளக்கு வேண்டும் என்கிறார்கள். (பூங்காக் குழு உறுப்பினர்)

பாதைக்கு மட்டும், இடுப்புயரக் கம்பத்தில், ஒளி கீழே மட்டும் விழும்படி மூடியோடு வையுங்கள். வெண்நீல எல்இடி வேண்டாம். 2,700 கெல்வின் அல்லது அதற்குக் கீழான மஞ்சள் ஒளி பூச்சிகளைக் குறைவாக ஈர்க்கும். பூங்கா மூடியதும் அணைந்துவிட வேண்டும். குளத்துக்கும் பாதையில்லாத மூலைக்கும் விளக்கே கூடாது. மரத்தைச் சுற்றிச் சரவிளக்கு கட்டுவதும், அடியிலிருந்து மேலே ஒளி பாய்ச்சுவதும் திருவிழாவோடு நின்றுபோனால் நல்லது. மின்மினிகள் ஒளியால்தான் இணை தேடுகின்றன. விளக்கடியில் அவை ஒன்றையொன்று காண முடியாது.

புறாவுக்கும் அணிலுக்கும் தீனி வைக்கலாமா?

வேண்டாம். தீனி வைத்த இடத்தில் புறாவும் எலியும்தான் பெருகும். கோடையில் ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு வைக்கலாம், தினமும் கழுவி மாற்றுவதாக இருந்தால்.

இதையெல்லாம் செய்து கொடுத்தாலும், இரண்டு வருடத்தில் ஒப்பந்ததாரர் பழையபடி மொட்டையடித்துவிடுகிறார். ஒப்பந்தத்தில் என்ன எழுதலாம்? (நகராட்சிப் பொறியாளர்)

நட்ட எண்ணிக்கைக்குப் பணம் கொடுக்கும்வரை இப்படித்தான் இருக்கும். மொத்தத் தொகையில் 40 விழுக்காட்டை நடவுக்கும், மீதியை மூன்று ஆண்டு முடிவுகளில் மூன்று தவணையாகவும் பிரியுங்கள். இன வாரியாக 80 விழுக்காடு உயிரோடிருந்தால் முழுத் தவணை. இன வாரியாக என்று எழுதாவிட்டால், செத்த வீரைக்குப் பதில் எளிதில் வளரும் புங்கனை நட்டுக் கணக்கு காட்டுவார்கள்.

புல்லைப் பற்றி ஒரு பிரிவு: விளையாடும் இடம் தவிர மற்றப் புல்லை மூன்றாகப் பிரித்து, ஒரு முறைக்கு ஒரு பங்கு மட்டும், பத்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் வெட்ட வேண்டும். நடுவிலிருந்து வெளிநோக்கி வெட்டினால் உள்ளே இருக்கும் தேரையும் அரணையும் தப்பிக்க வழி இருக்கும். வெளியிலிருந்து சுற்றி வந்தால் அவை நடுவில் மாட்டிக்கொள்ளும். கிளை கழிப்பது கூடு கட்டும் பருவத்துக்கு வெளியே. அவசரமென்றால் கூடு இருக்கிறதா என்று பார்த்து எழுதிய பிறகு. களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே வரக் கூடாது.

பலரும் மறப்பது களையெடுப்பு. களை எடுப்பவர்களுக்கு நாவல் நாற்றும் காட்டெலுமிச்சை நாற்றும் எப்படி இருக்கும் என்று யாரும் காட்டியதில்லை. தானாக முளைத்த அந்த நாற்றுகள்தான் பூங்கா வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. அவற்றைத்தான் முதலில் பிடுங்குகிறார்கள். இருபது இனங்களின் நாற்றுப் படங்களை ஒரு பலகையில் ஒட்டி, கருவி வைக்கும் அறையில் மாட்டுங்கள். மாதம் ஒரு முறை மேற்பார்வையாளர் அவர்களோடு நடந்து, விட வேண்டிய நாற்றுக்குக் குச்சி நட்டுக் காட்டட்டும்.

மதிப்பீட்டுக்கு, பூங்காவுக்குள் 200 மீட்டர் நிலையான தடம் ஒன்று குறியுங்கள். மாதம் இரு முறை, வெயில் உள்ள காலை பத்து மணியளவில், மெதுவான ஒரே வேகத்தில் நடந்து, இருபுறமும் இரண்டரை மீட்டருக்குள் தெரியும் பட்டாம்பூச்சிகளை மட்டும் எண்ண வேண்டும். பறவைகளுக்கு விடியலில் ஒரே இடத்தில் நின்று பத்து நிமிடம். ஆள் மாறினாலும் தடமும் நேரமும் மாறக் கூடாது. வேலை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டே இந்த எண்ணலைத் தொடங்கிவிடுங்கள், ஒப்பிட ஏதாவது இருக்கும். எண்ணிக்கை எழுதிய தாளின் நகல் இல்லாமல் தவணைக்கான பில் ஏற்கப்படாது என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.